எந்தத் தொட்டி முதலில் நிறையும்

எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம், ஒரு சாயங்காலம், என் கணவர் ஆபீஸிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். கை கால்கூடக் கழுவாமல் கூடத்தில் உட்கார்ந்து அதைப் பிரித்தார். பென்சிலால் வரைந்த படம். உச்சியில் ஒரு குழாய், அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு தொட்டி. அந்தத் தொட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் கிளம்பி வேறு இரண்டு தொட்டிகளுக்குப் போயின. அவற்றிலிருந்து இன்னும் குழாய்கள், இன்னும் தொட்டிகள். மொத்தம் ஏழு. ஒவ்வொரு தொட்டிக்கும் ஓர் எண் போட்டிருந்தது. அடியில் ஒரே ஒரு கேள்வி: எந்தத் தொட்டி முதலில் நிறையும்?

புதுக்கோட்டையில் கண்மாய் மராமத்து வேலைகளைப் பார்க்கும் ஒரு சர்க்கார் ஆபீஸில் அவர் தற்காலிகமாக வேலையில் இருந்தார். நாங்கள் குடியிருந்தது திருவரங்குளத்தில், அவருடைய அம்மாவோடு. வேலை நிரந்தரமாக வேண்டுமானால் ஒரு பரீட்சை எழுத வேண்டும். அதில் படம் பார்த்துப் பதில் சொல்கிற பேப்பர் ஒன்று உண்டு. முந்தின தடவை அதில் கோட்டை விட்ட ஒருவர், ஞாபகத்திலிருந்து இந்தப் படத்தை வரைந்து கொடுத்திருந்தார். அவருக்கும் விடை தெரியாது. ஏழு என்று எழுதியதற்கு மார்க் கிடைக்காததால் ஏழு இல்லை என்பது மட்டும் தெரியும்.

என் கணவர் ஒரு வாரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏழாம் தொட்டிதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. "தண்ணி பள்ளத்துக்குத்தானே போகும், அப்பறம் எப்புடி ஏழு இல்லங்கிறான்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். நான் பக்கத்தில் போனால் காகிதத்தைத் திருப்பி வைப்பார். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர். நான் எட்டாவதோடு நின்றவள்.

ஒருநாள் அவர் ஆபீஸுக்குப் போன பிறகு கூடம் பெருக்கும்போது பாய்க்கு அடியில் அந்தக் காகிதம் கிடந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பார்த்தேன். என் பிறந்த ஊர் குடுமியான்மலைக்குப் பக்கம். எங்கள் அப்பாவின் வயல், கண்மாய்ப் பாசனத்தில் கடைசி வயல். மேலே உள்ளவர்கள் எல்லாம் பாய்ச்சி முடித்த பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய சர்க்காரோடு சேர்ந்த வருஷம் எனக்குப் பத்து வயது. அப்போதே வாய்க்காலோடு மேலே நடந்து போய், எவன் எங்கே வைக்கோலையும் மண்ணையும் வைத்து அடைத்திருக்கிறான் என்று பார்த்து வருவது என் வேலை. அதனால் படத்திலும் என் கண் பள்ளத்துக்குப் போகவில்லை. குழாய்களின் வாயைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஐந்தாம் தொட்டியிலிருந்து ஏழுக்குப் போகும் குழாயின் வாயில், குறுக்கே மெல்லிசாக ஒரு கோடு இருந்தது.

சாயங்காலம் அவருக்குக் காபி கொடுக்கும்போது சொன்னேன்.

"அந்தப் படத்துல அஞ்சுதாங்க மொதல்ல ரொம்பும்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அத எதுக்கு நீ எடுத்த?"

"பெருக்கும்போது கெடந்துச்சு. ஏழுக்குப் போற குழாய் வாய அடைச்சிருக்கு பாருங்க."

"அது பென்சில் கீறல்."

"கீறல் இல்லங்க. நாலுக்குப் போற குழாயையும் பாருங்க. ரெண்டாந்தொட்டி விளிம்புக்கு மேல ஏறி எறங்குது. அம்புட்டு ஒசரத்துக்குத் தண்ணி ஏறுமுன்ன ரெண்டே வழிஞ்சுரும். மூணுக்குப் போற குழாய், மொதத் தொட்டியில மேல விளிம்பு ஓரமா இருக்கு, தண்ணி அது வரைக்கும் ஏறாம ரெண்டுக்கே போயிரும். பாக்கி, ரெண்டுலேர்ந்து தண்ணி போற அஞ்சுதான்."

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். பிறகு, "ஒனக்கு என்ன தெரியும்?" என்றார். ஆனால் அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் அவரே வந்து, குரலைத் தாழ்த்தி, "நாலுக்கு ஏன் ஏறாதுன்ன?" என்று கேட்டார்.

சொல்லிப் பார்த்தேன், அவருக்குப் பிடிபடவில்லை. அதனால் செய்து காட்டினேன். கொல்லையில் துவைகல் பக்கம் செங்கல்லைப் படிப்படியாக அடுக்கி, கொட்டாங்கச்சிகளில் துளை போட்டு வைத்தேன். பப்பாளி இலைக் காம்பு உள்ளே கூடாக இருக்கும், அதுதான் குழாய். மெழுகுவர்த்தியை உருக்கி ஓட்டையைச் சுற்றி அடைத்தேன். தண்ணீர் தெரிய வேண்டுமென்று துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துக்கொண்டேன். ஒரு காம்பின் வாயில் களிமண்ணை வைத்தேன். இன்னொரு காம்பை, அதன் நுனி கொட்டாங்கச்சியின் விளிம்பைவிட உயரமாக இருக்கும்படி சாய்த்து வைத்தேன். மேலே இருந்து செம்பால் மெல்ல ஊற்றியபோது, கொட்டாங்கச்சி நிறைந்து வழிந்ததே தவிர, அந்தச் சாய்ந்த காம்பிலிருந்து ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். "இன்னொரு தடவ ஊத்து" என்றார். ஊற்றினேன். "இன்னொரு தடவ." அப்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கல்யாணமான நாள் முதல் என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்ததில்லை. என் மாமியார் கொல்லைக் கதவில் நின்று, "ஏத்தா, ரெண்டு பேரும் சொப்பு வெளாடுறீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இருபது நாள் போல, தினமும் வெளிச்சம் இருக்கும்வரை அங்கே உட்கார்ந்திருப்போம். நான் புதிது புதிதாகப் படம் வரைவேன், அவர் விடை சொல்வார். என் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த நாட்கள் என்று யாராவது கேட்டால் அந்த இருபது நாளைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்லவும் கசப்பாக இருக்கிறது.

பரீட்சையில் அதே மாதிரி மூன்று படம் வந்ததாம். மூன்றையும் சரியாக எழுதினார். வேலை நிரந்தரமானது. மாமியார் கோயிலில் அர்ச்சனை செய்தார். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கல்கண்டு கொடுத்தோம். என்னிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் அவருடைய ஆபீஸ் என்ஜினியர் திருவரங்குளம் கோயிலுக்கு வந்தார். நல்ல மனுஷர், அதிகாரி என்ற மிதப்பு இல்லாதவர். என் கணவர் அவரை மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்து வந்தார். நான் பரிமாறினேன். சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டே என்ஜினியர் என் மாமியாரைப் பார்த்துச் சொன்னார்:

"ஒங்க மகன் பெரிய ஆளும்மா. கொட்டாங்கச்சியிலயும் பப்பாளிக் காம்புலயும் தொட்டி செஞ்சு பாத்துப் பரீட்சைக்குத் தயார் பண்ணினாராமே! ஆபீஸ் பூரா இதே பேச்சுதான்."

என் கணவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் கரண்டியோடு நின்றேன். எனக்குக் கோபம் வரவில்லை, அது உண்மை. ஆண்பிள்ளைகள் வெளியில் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது என்ஜினியர் பையிலிருந்து ஓர் இங்கிலீஷ் பத்திரிகையை எடுத்தார். அதிலும் தொட்டிகள், குழாய்கள். பத்துப் பன்னிரண்டு இருக்கும். "எனக்கே இது அரை மணி நேரம் ஆச்சு. நீங்க ஒரு நிமிஷத்துல சொல்லிருவீங்களே" என்று என் கணவரிடம் நீட்டினார்.

அவர் வாங்கிப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. நான் எச்சில் இலை எடுக்கக் குனிந்தபோது படம் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. அப்படியும் தெரிந்துவிட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். யாருக்கும் தெரியாமல் மூன்று விரலைக் காட்டினேன். பார்த்தார். பார்த்துவிட்டு, "ஒம்பதுங்க சார்" என்றார்.

என்ஜினியர் சிரித்தார். "நல்லாப் பாருங்க."

அவர் மறுபடியும் தடுமாறுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் வாயைத் திறந்தேன். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். "மூணுங்க. ஒம்பதுக்குப் போற வழியில ரெண்டு எடத்துல அடைச்சிருக்கு."

என்ஜினியர் திரும்பி என்னைப் பார்த்தார். "தலைகீழாப் பாத்தா சொல்றீங்க?"

அப்போது என் மாமியார், வெள்ளை மனசோடு, சந்தோஷமாகவே சொன்னார்: "அந்தக் கொட்டாங்கச்சியும் இவதாங்க செஞ்சா. கொல்லையில செங்கல்லு அடுக்கி, நீலத்தக் கரைச்சு ஊத்தி, இவனுக்குத் தெனம் சொல்லிக் குடுத்தா."

என்ஜினியர் வெற்றிலையை மடித்தபடி என் கணவரைப் பார்க்காமல், "நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்கம்மா?" என்று கேட்டார். எட்டாவது என்றேன். புதுக்கோட்டையிலேயே பெண்களுக்கு வரைபடம் நகலெடுக்கிற ஆறு மாத டிரேசர் பயிற்சி ஆரம்பிக்கப் போகிறார்கள், எட்டாவது பாஸ் போதும், முடித்தால் வேலையும் உண்டு, இப்படிக் கண் உள்ள ஆள் கிடைப்பது கஷ்டம் என்றார். "ஃபாரம் குடுத்து விடுறேன். அனுப்புவீங்கள்ல?" என்று என் கணவரிடம் கேட்டார்.

"அதுக்கென்ன சார், தாராளமா அனுப்பலாம்" என்றார் இவர்.

அன்றையிலிருந்து நான் காத்திருந்தேன். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்புவதாக மனசுக்குள் எத்தனையோ தடவை போய்வந்தேன். அவர் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம் கையில் காகிதம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டு மாதம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அந்த ஃபாரம் வந்துச்சாங்க?"

"அவரு என்னமோ சாப்புட்ட வாய்க்கு ஒரு வார்த்த சொன்னாரு. அதப் போயி நம்பிக்கிட்டு இருக்க."

நம்பிவிட்டேன். பெரிய அதிகாரிக்கு என் ஞாபகம் எங்கே இருக்கப் போகிறது என்று நினைத்தேன். அந்த வருஷம் எனக்கு வேறு கவலையும் இருந்தது. கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. மாமியார் வெள்ளிக்கிழமைதோறும் ஈரப்புடவையோடு என்னைக் கோயில் சுற்ற வைத்தார். கிணற்றடியில் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் வயிற்றைப் பார்ப்பார்கள். என் கணவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அதன்பின் இரண்டு வருஷம் கழித்து அந்த என்ஜினியருக்கு மாற்றலாகியது. ஆபீஸில் மத்தியானம் பிரிவுபசார விருந்து. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். மாலை போட்டு முடித்ததும் என்ஜினியர் என்னை அடையாளம் கண்டு அருகில் வந்தார்.

"நீங்க டிரெயினிங்குக்கு வராதது எனக்கு வருத்தம்தாம்மா. ஒங்களுக்காக ஒரு எடம் வச்சிருந்தேன். ஆனா உண்டாகியிருக்கிற நேரத்துல பஸ்ஸுல அலைய முடியாதுதான். ஒங்க வீட்டுக்காரர் எழுதிக் குடுத்ததும் நானும் வற்புறுத்தல. கொழந்தைக்கு இப்ப ரெண்டு வயசு ஆகப்போகுமே?"

நான் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் நாலடி தள்ளிச் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். முகம் செத்துப் போயிருந்தது. சுற்றிலும் அவருடைய ஆபீஸ் ஆட்கள், அவர்களுடைய மனைவிமார். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் அந்த ஆபீஸில் தலை நிமிர முடியாது.

"ஆமாங்க" என்றேன்.

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணுங்க."

"நல்லா இருக்கட்டும். ஒங்க கண்ணு அதுக்கும் வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பஸ்ஸில் நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன், அவர் பின்னால் நின்றார். வீட்டில் மாமியார் இல்லை, கோயிலுக்குப் போயிருந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"ஃபாரம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன எழுதுனீங்க?"

அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். "நீ அங்கிட்டு வேலைக்கு வந்தா ஆபீஸுல ஒன்னையும் என்னையும் ஒரே தட்டுல வச்சுத்தான் பேசுவாங்க. பொண்டாட்டி சொல்லிக் குடுத்துப் பாஸானவன்னு ஏற்கெனவே ரெண்டு பேரு என் காதுபடப் பேசியாச்சு" என்றார்.

"அதுக்குப் பிள்ள உண்டாயிருக்கேன்னா எழுதணும்?"

"வேற என்ன எழுதினாலும் அவரு விடமாட்டாரு."

"அந்த மாசம் நான் எத்தன தடவ கோயிலச் சுத்துனேன்னு தெரியும்ல ஒங்களுக்கு?"

ஆணியில் மாட்டிய சட்டையைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் புடவையை மாற்றிக்கொண்டு உலை வைத்தேன். அழுகைகூட வரவில்லை. எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஓர் இடம் இரண்டு வருஷத்துக்கு முன்பே போயிருக்கிறது, அது தெரியாமலே நான் தினம் சோறு ஆக்கிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

அதோடு முடிந்திருந்தால் ஒருவேளை ஆறியிருக்கும். பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு முற்பகலில், விருந்தில் பார்த்த ஒரு பெண் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் கணவரோடு வேலை பார்ப்பவரின் மனைவி. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். உள்ளே வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நேத்துத்தான் எங்க வீட்டுல சொன்னாங்க. கேட்டதுலேர்ந்து மனசே ஆறல. எப்புடித் தாங்கிக்கிட்டீங்க?" என்று அழ ஆரம்பித்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பேசப் பேசத்தான் புரிந்தது. ஆபீஸில் எல்லோரும், குழந்தையை ஏன் ஒருநாள்கூடக் கண்ணில் காட்டவில்லை, பிறந்ததற்கு ஒரு மிட்டாய்கூடக் கொடுக்கவில்லையே என்று என் கணவரைத் துளைத்திருக்கிறார்கள். அவர் சொல்லியிருக்கிறார்: பிறந்த மாசமே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது, இரண்டே நாளில் செத்துப்போனது, விருந்தில் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை என்று.

"பொம்பளப் பிள்ள வேற, வீட்டுக்கு வெளக்கு" என்று அந்த அம்மாள் என் தோளில் சாய்ந்து விம்மினார். அவருக்கும் ஒரு குழந்தை இறந்திருந்ததாம். அதனால்தான் திருவரங்குளம்வரை தேடி வந்திருந்தார். அப்போது நான் அழுதேன். நடிப்பில்லை. நான் பெறாத அந்தப் பெண்ணுக்காகத்தான் அழுதேன். அவர் என் கண்ணைத் துடைத்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

மாமியார் அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார். சாயங்காலம் மகன் வந்ததும் அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. "இல்லாத பிள்ளைக்குச் சாவா? ஒனக்கு வாயி எப்புடிடா வந்துச்சு?" என்று ஒரு தடவை கேட்டார். அப்புறம் மூன்று நாள் மகனோடு பேசவில்லை. என்னைக் கோயில் சுற்றச் சொல்வதையும் அன்றோடு நிறுத்திவிட்டார். எங்களுக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை.

மறு வருஷம் அவருக்கு மேல் பதவிக்கான பரீட்சை வந்தது. வாங்கி வந்த பழைய கேள்வித்தாள்களில் தொட்டிப் படம் இருந்தது, முன்னைவிடச் சிக்கலானது. நாலு நாள் தனியாக உட்கார்ந்து பார்த்தார். ஐந்தாம் நாள் காலையில், நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, காகிதத்தை என் எதிரில் வைத்தார். வைத்துவிட்டு நின்றார்.

பார்த்தேன். எடுத்த எடுப்பிலேயே தெரிந்தது. இரண்டாம் தொட்டி. மற்றதற்கெல்லாம் வழி இருக்கிற மாதிரி இருக்கும், ஆனால் இராது.

"தெரியலங்க" என்றேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"நெசமாத் தெரியல. அதெல்லாம் மறந்துபோச்சு."

இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். காகிதத்தை எடுத்து மடித்துக்கொண்டு போனார். அவர் தெருமுனை தாண்டும்வரை எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

அவர் தேறவில்லை. அவருக்குக் கீழே இருந்த ஓர் இளைஞர் தேறி, அவருக்கே மேலதிகாரியாக உட்கார்ந்தார். முடிவு தெரிந்த அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். சோறு போட்டேன். பிசைந்தார், சாப்பிடவில்லை.

"ஒனக்குத் தெரியும்" என்றார், இலையைப் பார்த்தபடி. "அன்னைக்கு ஒனக்குத் தெரிஞ்சுது."

எனக்குத் தெரியும் என்று அவர் தன் வாயால் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதைக் கேட்க நான் எத்தனை நாள் ஏங்கியிருந்தேன். கேட்டபோது மனசில் ஒன்றுமே இல்லை.

"ஆமாங்க, தெரிஞ்சுது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். திட்டவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. மோர் ஊற்றச் சொன்னார், ஊற்றினேன். அதன் பிறகு அவர் எந்தப் பரீட்சையும் எழுதவில்லை. நானும் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. அதே வீட்டில், ஒருவரையொருவர் குறை சொல்லாமல், வெகுகாலம் இருந்தோம். அக்கம்பக்கத்தில் எங்களைச் சண்டையே போடாத தம்பதி என்பார்கள்.